பலகையில் ஏறிய பதம்

பனையேறியின் வீட்டில் அரிவாள் தீட்டுவதற்கென்று தனியாக ஒரு பலகை இருந்தது. மென்மரத்தில் இழைத்த, கைக்கு அடக்கமான பலகை. புதிதில் மட்டமாக இருக்கும். பருவம் முடிவதற்குள் நடுப்பகுதி குழிந்து, நிறம் சாம்பலாகி, விரல் வைத்தால் வழுக்கும். பக்கத்தில் ஒரு சிரட்டையில் வெள்ளாரங்கல் பொடி. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கல்குளம், விளவங்கோடு பக்கம் வளர்ந்த முதியவர்களுக்கு இந்தப் பலகையின் சத்தம் தெரியும். கிழக்கு வெளுக்கும் முன்பே வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம் அது. இன்று அதே ஊர்களில், அதே இருட்டில், சிறிய கார்போரண்டம் கல்லில் ரப்பர் வெட்டும் கத்தி உரசுகிறது.

மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறோம். சரியாகச் சொன்னால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. வயலும் வாய்க்காலும் குளமும் உள்ள பூமி. அங்கே இரும்பின் முதல் வேலை கதிர் அறுப்பது. அந்த அரிவாளுக்குக் கருக்கு வெட்டினால் போதும், பளபளப்பு வேண்டாம். மேற்கே செம்மண் மேட்டிலும் கடலோரத் தேரி மணலிலும் நின்றது பனை. பனைக்கு வேண்டிய கூர்மை வேறு. அந்தக் கூர்மையைத்தான் பலகை தந்தது.

வெள்ளாரங்கல்லைத் தேடி யாரும் தொலைவு போகவில்லை. உழுத மண்ணிலும் ஓடைக் கரையிலும் கிடக்கும் வெண்கல் அது. வெங்கச்சங்கல் என்றும் சொல்வார்கள். நெருப்பில் நன்றாகச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் உள்ளுக்குள் விரிசல் ஓடி எளிதில் நொறுங்கும். இடித்து, துணியில் சலித்து, மாவுபோல் எடுத்துவைத்துக்கொள்வார்கள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இந்தக் கல்லுக்கு 7. காய்ச்சித் தோய்த்து, நன்றாகத் துவைச்சல் ஏறிய எஃகும் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். கூர் தீட்டுவதற்கு அந்தச் சிறிய வித்தியாசம் போதும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இதில் எதுவுமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பலகை ஏன் மென்மரமாக இருக்க வேண்டும்? கடின மரத்தில் பொடி நிற்காமல் உருளும். மென்மரத்தில் பொடியின் மணிகள் பாதி புதைந்து, பாதி வெளியே நிற்கும். அதன்மேல் அரிவாளைப் படுக்கவைத்து, முதுகு முன்னே போக, வாய் பின்னே வரும்படி இழுப்பார்கள். வாயை முன்னே தள்ளினால் மரம் செதுக்கப்படும், அரிவாளும் கெடும். பத்து இழுப்பு ஒரு பக்கம், பத்து மறுபக்கம். இழுக்க இழுக்கப் பொடியின் மணிகளும் உடைந்து மேலும் நுண்ணியதாகின்றன. முதலில் பருமனாக அராவிய பொடியே கடைசியில் மெருகு தீட்டும் பொடியாகிவிடுகிறது. இன்று கடையில் 200, 400, 1000 என்று எண் போட்டுப் படிப்படியாக விற்கும் கற்களின் வேலையை, சிரட்டையில் இருந்த ஒரு பிடி பொடி தானே தேய்ந்து செய்துமுடித்தது. இதைக் கண்டுபிடித்தவர் யார், எந்த நூற்றாண்டில் என்பது எழுதப்படாமல் போனது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

பலகையைப் பேணுவது தீட்டுவதைவிடப் பொறுமையான வேலை. சாரல் படக்கூடாது, ஈரம் ஏறினால் இழை பொங்கி மேற்பரப்பு மேடுபள்ளமாகிவிடும். தரையில் வைக்கக்கூடாது, ஒரேயொரு பருமணல் ஒட்டிக்கொண்டாலும் அரிவாளின் வாயில் கோடு விழும். மட்டை கழிக்கும் அரிவாளை அதில் தீட்டக்கூடாது; அதன் தடித்த வாய் பலகையில் பள்ளம் பறித்துவிடும். இரும்புத் தூளும் கல்பொடியும் கலந்து கறுப்பாகப் படிந்து வழவழத்துப்போனால், பலகை தீட்டாது, வெறுமனே தடவும். அப்போது ஓட்டுச் சில்லாலோ கத்தியின் முதுகாலோ சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பொடி தூவ வேண்டும். நடு மிகவும் குழிந்தால் இழைத்து மட்டமாக்க வேண்டும். குழிந்த பலகையில் தீட்டிய அரிவாளின் வாய் உருண்டுபோகும். பார்வைக்கு மின்னினாலும் வெட்டு இறங்காது. திண்ணையில் விளையாடும் பேரனிடம் பாட்டாக்கள் குரலை உயர்த்தியது பெரும்பாலும் இந்தப் பலகையை முன்னிட்டுத்தான். “பலகைக்க மேல இருக்காத மக்களே, அது இருக்கப்பட்ட பலகை இல்ல.”

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்டால், பதில் மர உச்சியில் இருந்தது. பனம்பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கியால் பல நாள் அழுத்தி நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் அக்கானி சொட்டத் தொடங்கும். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். சொட்டு நிற்காமல் இருக்க, காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியில் மெல்லிய ஒரு சீவலை எடுக்க வேண்டும். அரிவாள் மழுங்கியிருந்தால் சீவாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் நாளங்கள் அடைபடும், கொழகொழப்புப் படியும், சொட்டு குறையும். மழுங்கிய அரிவாளுக்குப் பாளையும் கூடுதலாகச் செலவாகும். காகிதம்போல் சீவுகிறவனுக்குப் பாளை பல வாரம் வரும். விரல் கனத்தில் வெட்டுகிறவனுக்குச் சீக்கிரமே காம்பு மட்டும் மிஞ்சும். ஏறத்தாழ எட்டு லிட்டர் அக்கானியைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. ஆகவே பாளையின் நீளம் என்பது வீட்டின் வருமானம். அந்த நீளத்தை மிச்சம் பிடித்தது பலகை.

பனையேறியின் அரிவாள் பெட்டியில் ஒன்றுக்கு இரண்டாக அரிவாள் இருக்கும். மட்டையும் பன்னாடையும் கழிக்க ஒன்று. பாளை சீவ ஒன்று. முன்னது முரட்டு வேலைக்கு. பின்னது அகன்று, மெலிந்து, வாய் லேசாக வளைந்தது. வேறு எதன்மீதும் அதைப் படவிட மாட்டார்கள். இரண்டையும் அடித்துக்கொடுத்தவர் ஊர்க் கொல்லர். பிற்காலத்தில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடிக்கத் தொடங்கினார்கள். அந்த எஃகு நன்றாகவே பதம் பிடித்தது. கொல்லரின் துவைச்சலில் பிழை இருந்தால் பலகை அதை முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். அதிகம் விறைத்த வாய் பொடிப்பொடியாக உதிரும்; இளகிய வாய் பிசிர் எழுந்து மடியும். அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் உலைக்குப் போக வேண்டியதுதான்.

அதே ஊரில், அதே காலத்தில், இன்னொரு கூர்மைக்குத் தோல் வேண்டியிருந்தது. சவரக் கத்தியை முதலில் கல்லில் தீட்டி, பிறகு தோல் வாரில் இழுப்பார்கள். வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலோ நாற்காலியிலோ மாட்டி, மறுமுனையை இடக்கையால் இறுகப் பிடித்து, வலக்கையால் கத்தியை மேலும் கீழும் இழுக்கும் அந்த வேகத்தைப் பார்ப்பதற்கே சிறுவர்கள் நிற்பார்கள். திருப்பும்போது கத்தி முதுகின்மேல் புரளும், ஒருபோதும் வாயின்மேல் அல்ல. தோலுக்கும் பராமரிப்பு உண்டு. அடிக்கடி எண்ணெய் தொட்டுத் தடவாவிட்டால் காய்ந்து வெடிக்கும். அதிகம் தடவினால் ஊறி இளகும். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் கத்தி துள்ளும். எலிக்குத் தப்பவும் வேண்டும். வார் கைவசம் இல்லாதபோது சிலர் உள்ளங்கையிலேயே இரண்டு இழுப்பு இழுத்து முடித்துக்கொள்வார்கள். கல் கூர் தந்தது. கல் விட்டுச்சென்ற கண்ணுக்குத் தெரியாத பிசிரைத் தோல் நீக்கியது. சவரக் கத்திக்குத் தோலும் பாளை அரிவாளுக்குப் பலகையும் செய்தது அடிப்படையில் ஒரே வேலைதான்.

தோல் வார் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழற்றி எறியும் பிளேடுக்கு ஜில்லெட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1904-இல். அதன்பிறகும் நம் ஊர்க் கடைகளில் வார் நீண்ட காலம் தொங்கிக்கொண்டிருந்தது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள், இந்தியாவில் அதுவே முதல் முறை. அதையடுத்த ஆண்டுகளில் ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை இன்னொருவருக்கு வைப்பது அச்சத்துக்குரியதாயிற்று. பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகும் வழக்கம் பரவியது. ஆளுக்கொரு புது வாய். தீட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போனபோது வாரும் போயிற்று. இது சரியான மாற்றம். இதில் வருந்த இடமே இல்லை.

பலகை போன கதை அவ்வளவு எளிதல்ல. பனையேறுவது பெருமைக்குரிய தொழிலாக இங்கே நடத்தப்படவில்லை. திருவிதாங்கூர் அரசு வரிகளில் ஏணிக்காணம், தளைக்காணம் என்று இரண்டு இருந்தன. ஏறுகிற ஏணிக்கு ஒன்று, காலில் இடுகிற தளைக்கு ஒன்று. ஒரு மனிதன் பிழைப்புக்கு மரம் ஏறினால், ஏறுவதற்கான கயிற்றுக்கே வரி கட்டினான். வரி போனபின்னும் இழிவு போகவில்லை. 1964-இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலில், நொடித்துப்போன பெரிய வீட்டுக்கும் பனையேறி தங்கராஜுக்கும் நடுவே நிற்கும் சுவர் இந்தத் தொழில்தான். மதம் ஒன்றாகவும் சாதி ஒன்றாகவும் இருந்தும் அந்தச் சுவர் நின்றது.

உடல் பட்ட பாடும் சிறியதல்ல. முப்பது நாற்பது மரம், நாளுக்கு இருமுறை. திளாப்பு என்னும் தளை மாட்டிய பாதத்திலும் மரத்தை அணைக்கும் நெஞ்சிலும் காய்ப்பு ஏறியிருக்கும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிவரை இந்த ஓட்டம். விழுந்து இறந்தவர்களும், விழுந்து பிழைத்துப் படுக்கையில் கிடந்தவர்களும் இல்லாத பனங்காட்டு ஊர் கிடையாது. தன் மகன் ஏறக்கூடாது என்று முடிவெடுத்த தகப்பன்மார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மிஷன் பள்ளிகள் நிறைந்த இந்த மண்ணில் அந்த முடிவுக்கு வழியும் இருந்தது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கவும் தடை வந்தது. பதநீர் இறக்குகிறவரும் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று காவல்துறைக்குக் காட்ட வேண்டிய நிலை. செங்கல் சூளைகளுக்குப் பனை விறகாகப் போயிற்று. மேட்டு நிலத்தில் ரப்பர் ஏறியது.

பனையை விட்ட கைகள் பல ரப்பருக்குத்தான் வந்தன. இந்த இடப்பெயர்வைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டும் உயிருள்ள மரத்தை, அது சாகாத அளவுக்குக் காயப்படுத்தி, வடிவதைச் சேகரிக்கும் தொழில்கள். தென்னமெரிக்கக் காடுகளில் கோடரியால் கொத்திக் கொத்தி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பழைய வெட்டையே மெல்லியதாக மறுபடி மறுபடி சீவினால் பால் பெருகுகிறது என்று காட்டினார், மரமும் பிழைத்தது. பாளையின் நுனியை அன்றாடம் சீவினால் சொட்டு நிற்காது என்பது பனையேறிக்கு அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தெரியும். ரப்பர் மரம் நம் மண்ணுக்கு வந்தபோது, அதற்கு வேண்டிய கை இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது என்பதே என் எண்ணம்.

ஆனால் கத்தி வேறு. பாளை அரிவாள் அகன்ற தகடு. ரப்பர் கத்தியின் நுனி மடங்கியது. மரப்பட்டையில் ஒரு சிறிய சால் இழுத்துச் செல்லும் வடிவம். இந்தியத் தோட்டங்களில் மிகுதியாகப் புழங்குவது மிச்சி கோலெட்ஜ் என்ற வகை. மடங்கிய வாய் பலகையில் படுக்காது. அதற்கு மெலிந்த ஓரம் கொண்ட கல் வேண்டும். வெளிப்புறத்தை அகன்ற பக்கத்திலும், மடிப்பின் உட்புறத்தைக் கல்லின் ஓரத்திலும் தீட்ட வேண்டும். அந்தக் கல் ஓடையில் கிடைக்காது. கார்போரண்டம் என்பது மணலையும் கரியையும் மின்உலையில் சுட்டு எட்வர்ட் அச்சிசன் 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கிய பொருள். கடினத்தில் 9-ஐத் தாண்டியது. நம் பக்கத்தில் அது பரவலானதற்கு ஒரு காரணம், முருகப்பா குழுமம் 1954-இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம். இரும்புக் கடையில் கேட்டால் தாளில் சுற்றித் தருவார்கள். நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். வெள்ளாரங்கல் பொடியோடு போட்டியிட்டால் வேகத்தில் இந்தக் கல் எளிதாக ஜெயிக்கும்.

கல்லுக்குப் பராமரிப்பும் குறைவு. தண்ணீரில் கழுவினால் போதும். மழைக்கு அஞ்சாது, மண்ணில் கிடந்தாலும் பாழாகாது. ஆனால் வேகமாகத் தீட்டுகிற கல் எஃகையும் வேகமாகத் தின்னும். பலகையில் தீட்டிய அரிவாள் பல பருவம் உழைத்தது. கல்லில் தீட்டும் ரப்பர் கத்தியின் மடிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே போகும். கல் விட்டுச்செல்லும் பிசிரை எடுக்க, அனுபவசாலிகள் கடைசியில் கத்தியைத் துணியிலோ பழைய பெல்ட் தோலிலோ இரண்டு முறை இழுத்துக்கொள்கிறார்கள். புதியவர்கள் அதைச் செய்வதில்லை. பிசிரோடு வெட்டினால் பட்டையின் விளிம்பு கிழிபடும்.

ரப்பரில் கூர்மையின் கணக்கு பனையைவிடக் கறாரானது. ஒட்டு மரமாக இருந்தால், ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தபிறகே வெட்டத் தொடங்க வேண்டும். 30 டிகிரிச் சரிவு, இடது மேலே, வலது கீழே. பட்டையின் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. பால் நாளங்கள் மிகுதியாக ஓடுவது அந்தப் படலத்தை ஒட்டித்தான். அதனால் கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் தொலைவுவரை போக வேண்டும், தொடக்கூடாது. தொட்டால் அங்கே முண்டு எழும். பிறகு அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. ஒரு சீவலின் கனம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழை நாள் கழித்து ஆண்டுக்கு நூற்றைம்பது வெட்டு என்று வைத்தாலும், ஏறத்தாழ 22 சென்டிமீட்டர்வரை பட்டை செலவாகிறது. ஒரு சாண். மழுங்கிய கத்தி ஒரு சாணை ஒன்றரைச் சாணாக்கிவிடும். மரத்தின் ஆயுளில் ஆண்டுகள் குறையும். பாளையை நீளத்தால் அளந்தவர்களின் பிள்ளைகள் பட்டையைச் சாணால் அளக்கிறார்கள்.

பால்வெட்டுகிறவர் ஒரு நாளில் முந்நூறு, நானூறு மரம் வெட்டுவார். விடியும் முன் மரத்துக்குள் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்குகிறார்கள். பாம்பு, பன்றி, வழுக்குப் பாறை எல்லாம் உண்டு. ஆனால் இரு கால்களும் தரையில் இருக்கின்றன. அறுபதடி உயரம் இல்லை. இந்த ஒரு வரவே போதும், மாற்றத்தை நன்மை என்று சொல்வதற்கு. கீரிப்பாறை, காளிகேசம், மணலோடை, சிற்றாறு பகுதிகளில் தோட்டம் வைத்திருக்கும் அரசு ரப்பர் கழகம் 1984-இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. பனையேறிக்குக் கனவிலும் கிடைக்காத நிலையான ஊதியமும் வைப்பு நிதியும் அங்கே பால்வெட்டுத் தொழிலாளிக்கு உண்டு.

ஆனால் ரப்பரின் கூர்மையும் இப்போது தளர்கிறது. 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட தாள் ரப்பர் 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே போயிற்று. கூலிக்கே கட்டுபடியாகாததால் சிறு தோட்டக்காரர்கள் வெட்டையே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240-ஐத் தாண்டியபோது வெட்ட ஆள் இல்லை. ஆள் குறைவுக்கு ரப்பர் வாரியம் காட்டும் வழி வாரம் ஒரு வெட்டு: எத்தெஃபான் பூசினால் பால் கூடும், பட்டைச் செலவும் குறையும். மரத்துக்கு நல்லது. கைக்கு? நாளுக்கு இருமுறை சீவிய கை ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு இறங்கி, இப்போது வாரம் ஒன்றுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு மரத்தின் பட்டைக் கனத்தையும் விரல் நுனியில் வைத்திருப்பவர் இந்த முறையில் எப்படி உருவாவார் என்று எனக்குப் புரியவில்லை.

பனையின் பக்கம் காற்று லேசாகத் திரும்பியிருப்பதும் உண்மை. தமிழ்நாட்டில் சுமார் 5 கோடிப் பனைகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஏறப்படுவது சிறிய பங்குதான். 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. நல்ல பனையேறும் கருவியைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசும் பிறகு அறிவிக்கப்பட்டது. கருவி வரட்டும், வந்தால் உயிர்கள் மிஞ்சும். ஆனால் கருவி ஆளை மேலே கொண்டுசேர்க்கும், அவ்வளவுதான். பாளையைச் சீவ வேண்டியது அப்போதும் கையும் அரிவாளும்தான். புதிதாகப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு ஏறக் கற்றுக்கொடுப்பதோடு, ஒரு மென்மரப் பலகையையும் ஒரு பிடி வெள்ளைப் பொடியையும் கொடுத்துத் தீட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைக் கற்றுத்தரக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

இதற்கிடையே, மரச்சிற்பம் செதுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட மேலைநாட்டவர்கள் நம் பனையேறியின் முறைக்கு வெகு அருகில் நிற்கிறார்கள். பலகையில் தோலை ஒட்டி, அதன்மேல் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்து, செதுக்குக் கத்தியை முதுகு முன்னே போக இழுக்கிறார்கள். பசை கறுத்து வழவழத்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். தோல் கடினமாகிப்போனால் மேற்பரப்பை மெல்ல உரசி உயிர்ப்பிக்கிறார்கள். கத்தியை அதிகம் சாய்த்துத் தூக்கினால் இளகிய தோல் வாயைச் சுற்றி எழும்பி முனையை உருட்டிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். மெத்தென்ற தளம், அதில் பாதி புதைந்த கடினப் பொடி, பின்னோக்கிய இழுப்பு: மூன்றும் இங்கே திண்ணையில் இருந்தவைதான். அந்தத் தோல் பலகை இன்று இணையக் கடைகளில் நமக்கும் கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்குகிறோம்.

ரப்பர் தந்த ஒரு வரவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பனையில் கூர்மை ஆண்களின் கையிலேயே இருந்தது. பெண்ணின் இடம் விடிலி என்ற காய்ச்சுக் குடிசை: சுண்ணாம்பு தெளிய வைத்து, அடுப்பெரித்து, அக்கானியைப் பாகு பதம்வரை கிளறி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவது. புகையும் வெக்கையும் அவளுக்கு. மரமும் அரிவாளும் பலகையும் அவனுக்கு. ரப்பர் தோட்டத்தில் வெட்டுகிறவர்களில் பெண்கள் ஏராளம். விடிலியில் புகை குடித்த பாட்டிகளின் பேத்திகள் அவர்களில் உண்டு. அவர்கள் தங்கள் கத்தியைத் தாங்களே தீட்டுகிறார்கள். கடைசி மரத்தின் பாலை வாளியில் ஊற்றி, ஒட்டுப்பாலைப் பிரித்து, வீடு வந்து, சமைத்து முடித்த பிறகு, மறுநாளைக்கான கத்திக்கு உட்காருகிறார்கள். மடிப்பின் உட்புறம், வெளிப்புறம், கடைசியாகத் துணியில் இரண்டு இழுப்பு. பைக்குள் ஒன்றுக்கு இரண்டு கத்தி வைத்துக்கொள்வார்கள், இருநூறாவது மரத்துக்கு மேல் ஒன்று மழுங்கினால் மற்றதை எடுக்க. கடன் கேட்டால் கத்தியை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒருவர் தீட்டும் சாய்வு இன்னொருவர் கைக்கு ஒத்துவராது.